காரைக்குடிப் பக்கத்து வீட்டில் உறுமியது ராஜநாகமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கண்டனூர்ப் பக்கம் ஒரு பூர்வீக வீடு. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால் ஆண்டில் பதினோரு மாதம் பூட்டியே கிடக்கிறது. சாந்திக் கல்யாணத்துக்காக, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்காக, திறந்து சுத்தம் செய்தபோது, இரண்டாங்கட்டில் சாய்த்து வைத்திருந்த பழைய பலகைகளுக்குப் பின்னாலிருந்து ஏழடி நீளப் பாம்பு ஒன்று வெளியே வந்தது. கரும்பழுப்பு நிறம். ஓரத்தில் மடக்கியதும் தலையைத் தூக்கி, கழுத்தைப் புடைத்துக்கொண்டு, நாய் உறுமுவதைப் போல உறுமியது. வேலைக்கு வந்தவர்கள் கருநாகம் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவிட்டார்கள். கேட்டவரின் அப்பச்சி (அப்பா) இன்னும் ஒருபடி மேலே போய், "நம்ம ஐயா காலத்தில் பர்மாவிலிருந்து தேக்கு வந்ததல்லவா, அதன் பொந்துகளில் ராஜநாகத்தின் முட்டைகளும் வந்திருக்கும், அந்த வம்சம்தான் இது" என்று சொல்லியிருக்கிறார். இது உண்மையா, ராஜநாகத்தின் குணம் என்ன, துரத்துமா, பழிவாங்குமா என்பது கேள்வி.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்த வட்டாரத்துக்காரன். பாம்பைப் பார்க்க வாருங்கள் என்று எத்தனையோ வீடுகளுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ராஜநாகத்தை அதன் காட்டிலேயே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அந்தத் துணிச்சலில் பதிலை முதலிலேயே சொல்கிறேன்: தம்பி, உங்கள் வீட்டில் உறுமியது சாரை. ராஜநாகம் இல்லை. ஆனால் அப்படி நினைத்ததற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஏன் என்பதில்தான் சுவையே இருக்கிறது.

சாரைப்பாம்பு உறுமும். பலருக்கும் இது தெரியாது. மற்ற பாம்புகள் சீறும். அது உலைமூடியிலிருந்து ஆவி தப்புவது போன்ற கூர்மையான ஒலி. ராஜநாகத்தின் ஒலி அப்படியில்லை. அதன் மூச்சுக்குழலை ஒட்டிச் சின்னச் சின்னப் பைகள் உண்டு. காற்று வெளியேறும்போது அந்தப் பைகள் அதிர்வதால் ஒலி தாழ்ந்து, கனத்து, அடித்தொண்டையிலிருந்து வருவதாகக் கேட்கும். அதன் ஓசையில் 600 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதிதான் ஓங்கி நிற்கிறது என்று அளந்திருக்கிறார்கள். சாரையும் அதே மாதிரி ஒரு தாழ்ந்த உறுமலை எழுப்பக் கற்றிருக்கிறது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, இது ராஜநாகத்தின் குரலைப் போலச் செய்வதாக இருக்கலாம் என்று எழுதியது. தன்னைத் தின்னும் பாம்பின் குரலை வைத்தே மற்ற எதிரிகளை மிரட்டுகிறது என்றால், அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! உங்கள் வீட்டு வேலைக்காரர்கள் ஓடியதில், சாரையின் கணக்குச் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

கழுத்துப் புடைத்ததைப் படம் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நல்ல பாம்பும் ராஜநாகமும் கழுத்து விலா எலும்புகளை இரு பக்கமும் விரித்துத் தட்டையாக்கும்; முன்னாலிருந்து பார்த்தால் அகலமாகத் தெரியும். சாரை அப்படிச் செய்யாது. கழுத்தை மேலும் கீழுமாகப் புடைக்கும். பக்கவாட்டில் பார்த்தால்தான் பெரிதாகத் தெரியும், நேர் முன்னால் நின்றால் கத்தியின் முனைபோல ஒல்லியாக இருக்கும். பக்கத்தில் நின்றவர் "படம் எடுத்தது" என்று சத்தியம் செய்வார், எதிரில் நின்றவர் "எடுக்கவில்லை" என்பார். இருவர் சொல்வதும் பொய்யில்லை. உறுதியான அடையாளம் வேண்டுமென்றால் உதட்டைப் பாருங்கள். சாரையின் மேலுதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள் வரிசையாக இறங்கும், பேனாவால் கீறியது போல. கண் பெரியது, பாவை வட்டம். உடலின் பின்பாதியிலும் வாலிலும் கறுப்புக் குறுக்குப்பட்டைகள் தெரியும்.

இப்போது ராஜநாகத்துக்கு வருகிறேன்.

"கருநாகம்" என்ற சொல்லிலேயே குழப்பம் தொடங்குகிறது. நம் ஊரில் கொஞ்சம் கறுத்த நல்ல பாம்பையும் கருநாகம் என்கிறோம், மலைக்காட்டில் இருக்கும் பெரிய பாம்பையும் கருநாகம் என்கிறோம். மலையாளத்தில் ராஜவெம்பாலா என்றும் கன்னடத்தில் காளிங்க சர்ப்பம் என்றும் தனிப்பெயர் உண்டு. நல்ல பாம்பின் அண்ணன் போலத் தோன்றினாலும், வகைப்பாட்டில் அது வேறு பேரினம். 1836-இல் டென்மார்க்கைச் சேர்ந்த தியோடர் காண்டர் அதை முதலில் விவரித்தார். பின்னால் வைத்த பேரினப் பெயருக்கு "பாம்புத் தின்னி" என்று பொருள். 2024-இல் இன்னொரு மாற்றம் வந்தது. ஒரே இனம் என்று இத்தனை காலம் எண்ணியிருந்ததை நான்காகப் பிரித்தார்கள். வட இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியது ஒன்று, மலேசியா, இந்தோனேசியப் பக்கம் ஒன்று, பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் ஒன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது ஒன்று. நம்முடையதற்குக் கன்னடப் பெயரையே எடுத்துக் "காளிங்கா" என்று சூட்டினார்கள். கோயில் சுவரில் கண்ணன் ஆடுகிற காளிங்கனைப் பாருங்கள். சிற்பி செதுக்கியிருப்பது நல்ல பாம்பின் அகன்ற படத்தைத்தான். புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் இடையில் பேரையூர் நாகநாதர் கோயிலில் வேண்டுதலாக நட்ட நாகக்கற்கள் குவிந்து கிடக்கின்றன. அங்கும் அப்படித்தான். சமவெளிச் சிற்பி தான் அன்றாடம் கண்ட பாம்பைச் செதுக்கினான். ராஜநாகத்தின் படம் நீண்டு ஒடுங்கியது. மூக்குக்கண்ணாடிக் குறி கிடையாது.

அதன் நீளம் சராசரியாக 3 முதல் 4 மீட்டர். நஞ்சுள்ள பாம்புகளில் உலகிலேயே நீளமானது இதுதான். செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு, யாரும் சொல்வதில்லை. 1937-இல் மலாயாவின் போர்ட் டிக்சனுக்கு அருகே பிடிபட்ட ராஜநாகம் ஒன்று லண்டன் விலங்குக்காட்சிச் சாலைக்குப் போய், 1939-க்குள் 5.71 மீட்டராக வளர்ந்தது. பதிவாகியிருப்பவற்றில் மிக நீளமானவற்றுள் அதுவும் ஒன்று. போர் மூண்டதும், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்ற அச்சத்தில் அங்கிருந்த நச்சுப்பாம்புகளோடு அதையும் கொன்றுவிட்டார்கள். அந்தக் காலத்து மலாயாவில் நம் பக்கத்துப் பெட்டியடிகள் (வட்டிக்கடைகள்) இல்லாத கடைத்தெரு ஏது? கொண்டுவிற்கப் போன ஐயாக்கள் ரப்பர்த் தோட்டத்து ராஜநாகக் கதைகளையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். உங்கள் அப்பச்சியின் தேக்கு மரக் கதைக்கு வேர் அங்கேயோ பர்மாவிலேயோதான் இருக்க வேண்டும். கதை வந்தது உண்மை. பாம்பு வந்திருக்க முடியாது.

முடியாது என்று ஏன் அடித்துச் சொல்கிறேன் என்றால், ராஜநாகத்தின் முட்டை கட்டைப்பொந்தில் கிடந்து பொரிக்கிற சரக்கு இல்லை. உலகத்துப் பாம்புகளில் இலைதழைகளைத் திரட்டிக் கூடு கட்டுவது இந்த ஒரு பாம்புதான். கைகால் இல்லாத உயிர் கூடு கட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள். பெண் பாம்பு உடலை வளைத்துக் கொக்கிபோல் ஆக்கி, உதிர்ந்த இலைகளை வாரி இழுத்து இழுத்துக் குவிக்கிறது. மூங்கில் சருகு என்றால் அதற்கு மிகவும் பிடிக்கும். நாள்கணக்கில் வேலை. குவியலுக்குள் சுருண்டு சுற்றிச் சுற்றி உள்ளறையை அழுத்திச் செப்பனிடுகிறது. முட்டையிட்டு மூடியபின் மேலே இன்னும் சருகு போட்டு இறுக்குகிறது. நான் பார்த்த ஒரு கூடு முழங்காலுக்கு மேல் உயரம் இருந்தது. பெய்தது கொட்டும் மழை. வழிகாட்டி ஓரத்துச் சருகைக் குச்சியால் இலேசாக நீக்கிக் காட்டினார். வெளி அடுக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, அடுத்த அடுக்கு காய்ந்து கிடந்தது. ஓட்டுச்சார்ப்பு வேய்கிற கொத்தனார் பார்த்தால் பாராட்டுவார்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடையின் தொடக்கத்தில் இணை சேர்ந்து, ஏப்ரல், மே மாதங்களில் கூடு கட்டும். இருபது, முப்பது முட்டை என்பது வழக்கம், நாற்பதும் உண்டு. அழுகும் சருகின் சூடு முட்டைகளை 28 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வைத்திருக்கிறது. இரண்டு, இரண்டரை மாதம் தாய் கூட்டின் மேலோ பக்கத்திலோ காவல் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது இரை எடுப்பது அரிது. பொரிக்கும் தறுவாயில் கூட்டை விட்டுப் போய்விடுகிறது. பாம்பைத் தின்று வாழும் தாய் பசியோடு அங்கேயே இருந்தால் குஞ்சுகளின் கதி என்ன ஆகும்? அதனால்தான் போகிறது என்று விளக்கம் சொல்வார்கள். அதன் மனத்தை யார் கண்டார்? போகிறது என்பது மட்டும் கண்டது. குஞ்சு ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கன்னங்கறுப்பில் வெளிர்ப் பட்டைகள். முட்டையிலிருந்து தலையை நீட்டும்போதே பல்லும் நஞ்சும் தயார்.

இதைக் கண்டனூரோடு பொருத்திப் பாருங்கள். பர்மாவில் வெட்டிய தேக்கு ஆற்றில் மிதந்து, வாளில் அறுபட்டு, கப்பலேறி, வண்டியேறி வந்தது. எந்த முட்டை பிழைத்திருக்கும்? பிழைத்தது என்றே வையுங்கள். ராஜநாகத்தின் ஆயுள் இருபது ஆண்டு அளவில்தான். 1941-இன் இறுதியில் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்த வணிகத்தின் கதை முடிந்தது. இத்தனை தலைமுறை தொடர ஆணும் பெண்ணும் வேண்டும், இரை வேண்டும், ஈரக்காடு வேண்டும். ஆய்வாளர்கள் ராஜநாகத்தைப் பின்தொடர்ந்து படித்த கர்நாடகத்து ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் செம்பூராங்கல் மண்ணில் 1,000 மில்லிமீட்டரைத் தொட்டாலே கண்மாய் நிறைந்தது என்று கிடா வெட்டுகிறோம். கருவேலங்காட்டில் முழங்கால் உயரத்துக்கு மூங்கில் சருகு எங்கே கிடைக்கும்? தமிழ்நாட்டில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் கன்னியாகுமரி மலைகள், களக்காடு முண்டந்துறை, ஆனைமலை என்று மேற்கே மலையேற வேண்டும். இந்தியாவுக்குள் அதற்கப்பால் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி, ஒடிசா, சுந்தரவனம், வடகிழக்கு, இமயமலை அடிவாரம், அந்தமான் ஆகிய இடங்களிலும் இருக்கிறது. எங்கும் ஈரம்தான் பொது.

அதன் உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். "பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு" என்பார்களே, ராஜநாகம் நடுத்துண்டோடு நிற்பதில்லை; தலையிலிருந்து வால்வரை முழுசாக விழுங்குகிறது. அதன் இலையில் முதல் பந்தி சாரைக்கு. அடுத்து நல்ல பாம்பு, மலைக்காட்டுக் குழிவிரியன்கள். உடும்பையும் சில நேரம் எடுக்கும். எலி, தவளைக்கு வாய் திறப்பது மிக அரிது. இரட்டை நாக்கால் மணத்தை எடுத்து அண்ணத்தில் ஒற்றி ஒற்றி, இரை போன தடத்திலேயே போகும். மரமும் ஏறும், நீரும் நீந்தும். பெரும்பாலும் பகலில்தான் நடமாட்டம். கண் கூர்மையானது, தொலைவில் ஆள் அசைந்தாலே கவனித்துவிடும். பெரிய இரை ஒன்று கிடைத்தால் வாரக்கணக்கில் மறைவிடத்தில் படுத்துக்கிடக்கும். தன் இனத்தையும் அது விடுவதில்லை. ஆண் ராஜநாகம் பெண் ராஜநாகத்தைக் கொன்றது பதிவாகியிருக்கிறது. அதற்கு ராஜா என்ற பட்டத்தை யார் கொடுத்தார்களோ, பழைய அரண்மனைக் கதைகளை நன்றாகப் படித்தவராக இருக்க வேண்டும்.

ஆண்களுக்குள் சண்டை வந்தால் மட்டும் ஆச்சரியமான ஒழுங்கு. கடிப்பதில்லை. இரண்டும் உடலை நிமிர்த்திப் பின்னிக்கொண்டு, ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்தப் பார்க்கும். அழுத்தப்பட்டது தோற்றது, அது விலகிப்போகும், அவ்வளவுதான். நம்மூர்ச் சாரைகளும் இதே மல்யுத்தம் செய்யும். கண்மாய்க்கரையில் இரண்டு பாம்பு பின்னிப் பிணைந்து ஆடினால், சாரையும் நல்ல பாம்பும் கூடுகின்றன என்று சொல்லிப் புது வேட்டியை மேலே போட்டு எடுத்து வைத்துக்கொள்வார்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டுதான். சாரை எல்லாம் ஆண், நாகம் எல்லாம் பெண் என்பது என் அப்பத்தாவின் விலங்கியல். நான் பட்டம் வாங்கி வந்தபிறகும் அவர் தன் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை.

துரத்துமா என்ற கேள்விக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். முதல் முறை பார்த்தபோது நாங்கள் நான்கு பேர், ஓடையோரம். பத்தடி தூரத்தில் பழுப்பு வேர் ஒன்று நகர்வது போலிருந்தது. அது எங்களைக் கண்டதும் நின்று, உடலில் மூன்றில் ஒரு பங்கைத் தரையிலிருந்து தூக்கியது. பன்னிரண்டடிப் பாம்பு நான்கடி நிமிர்ந்தால், குனிந்து நிற்கும் ஆளின் முகத்துக்கு நேரே அதன் முகம் இருக்கும். அந்த நேரத்தில் நான் படித்த விலங்கியல் ஒன்றும் துணைக்கு வரவில்லை. வழிகாட்டி முதுகில் கைவைத்து, "அசையாதீர்கள் ஐயா" என்றார். அசையவில்லை, அசைய முடியவுமில்லை. அரை நிமிடம் எங்களைப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, வந்த வழியை விட்டு வேறு பக்கம், அவசரமே இல்லாமல், புதருக்குள் போய்விட்டது. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காததுபோல் இருந்தது. அதன்பின் படித்ததும் மலையில் இருப்பவர்களிடம் கேட்டதும் இதையே சொல்கின்றன: வழி இருந்தால் விலகும், வழி அடைபட்டால் நிமிரும், உறுமும், வாயை மூடியபடியே பொய்யாகக் கொத்தி எச்சரிப்பதும் உண்டு. கூட்டைக் காக்கும் தாய் மட்டும் விதிவிலக்கு என்று எண்ணிக்கொள்வது நல்லது. அதன் பக்கம் போகக் கூடாது. துரத்தியது என்று சொல்லப்படும் கதைகள் பலவற்றில், பாம்பு தன் பொந்தையோ புதரையோ நோக்கி ஓடியிருக்கும். பொந்துக்கு முன்னால் நம் ஆள் நின்றிருப்பார்.

பழிவாங்குவதற்கு முகத்தை நினைவில் வைத்துத் தேடிவரும் மூளை பாம்புக்கு இல்லை. அடித்த இடத்துக்கு இன்னொரு பாம்பு வந்தால், முதலாவது எதற்கு வந்ததோ அதற்கே இதுவும் வந்திருக்கும்: எலிக்கோ நிழலுக்கோ இணைக்கோ. அடிபட்ட பாம்பு வெளியிடும் மணமும் இன்னொன்றை இழுக்கலாம். நாகமணி, பால், மகுடி இவற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் கோபக்காரனாகிவிடுவேன், விட்டுவிடுகிறேன்.

நஞ்சு விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. ராஜநாகத்தின் நஞ்சுதான் எல்லாவற்றிலும் கொடியது என்பார்கள். துளிக்குத் துளி எடைபோட்டால் நம் கட்டுவிரியனின் நஞ்சு அதைவிடப் பல மடங்கு வீரியமானது. ராஜநாகத்தின் ஆபத்து அளவில் இருக்கிறது. பெரிய உடல், பெரிய நச்சுப்பை. ஒரே கடியில் காய்ந்த எடையில் 400 மில்லிகிராம் வரை இறங்கக்கூடும். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அது அறுக்கிறது. இமை சரியும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுவிடும் தசைகள் நின்றுபோகும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்திய மருத்துவமனைகளில் இருக்கும் நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சிலிருந்து செய்யப்படுவது. ராஜநாகக் கடிக்கு அது பொருந்தாது. ராஜநாகத்துக்கென்றே மருந்து செய்வது தாய்லாந்தின் செஞ்சிலுவைச் சங்கம். இங்கே ஒருவர் கடிபட்டால் செயற்கைச் சுவாசத்தில் வைத்து நஞ்சு அடங்கும்வரை காப்பதே முதன்மையான சிகிச்சை. நல்லவேளையாக, அது மனிதரைக் கடிப்பது இந்தியாவில் மிக மிக அரிது. ஆட்களைப் பெரும்பாலும் கொல்வது அந்த நான்குதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது அதனால்தான்.

ஆகவே தம்பி, உங்கள் வீட்டில் நீங்கள் அஞ்ச வேண்டிய பாம்பு வேறு. கல்யாண வீட்டில் உறவினர் கூட்டம். இரவில் வளவிலும் பட்டாலையிலும் தரையில் பாய் விரித்து வரிசையாகப் படுப்பார்கள். கட்டுவிரியன் இரவுக்காரன். பளபளப்பான கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள். பாயில் தூங்குபவரைக் கடித்தால் கொசுக்கடி அளவுக்குத்தான் தெரியும், தழும்பே இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள், நேற்றைய பந்திச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள், அதற்குள் இமை சரியத் தொடங்கியிருக்கும். எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் இப்படி ஒரு பையனை இழந்தது. தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாத வயிற்றுவலியும் இமைச்சரிவும் வந்தால் அது பாம்புக்கடி என்றே எண்ணி ஓடுங்கள். கட்டிலோ, விளிம்பைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிய கொசுவலையோ போதும், பெரும்பகுதி ஆபத்து தீர்ந்தது. கடிபட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மந்திரிப்பவர் வீடு வழியில் இருந்தாலும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

அந்தச் சாரையை என்ன செய்வது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒன்றும் செய்ய மாட்டேன். பதினோரு மாதம் பூட்டிய வீட்டில் நெல்லறையும் மரத்தூண்களும் எலிக்குப் போகாமல் இருப்பதற்கு அது கூலி கேட்காமல் வேலை பார்க்கிறது. விசேஷத்துக்கு ஆட்கள் வரும்போது பயமாக இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்; பிடித்துப்போவார்கள். அடிப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிப்பவர்களிடமும், வெகுதூரத்தில் கொண்டுபோய் விடாமல் அருகிலிருக்கும் கண்மாய்க்கரையில் விடச் சொல்லுங்கள். ஆகும்பேயில் பழகிய இடத்திலிருந்து வெகுதூரம் பெயர்க்கப்பட்ட ராஜநாகத்தைக் கருவி பொருத்திக் கவனித்தபோது அது ஓரிடத்தில் தங்காமல் அலைந்துகொண்டே இருந்தது. சாரை மட்டும் அதற்கு மாறாக நடந்துகொள்ளும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

அது போனபின் அந்தப் பழைய பலகைகளை அகற்றி, கழிவுநீர்த் தூம்புகளின் வாயில் வலைக்கம்பி அடித்து, கொல்லைக் கதவின் அடியில் இருக்கும் இடைவெளியை அடைத்துவிடுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து கொல்லைவரை நேர்கோட்டில் கதவுகள் இருப்பதால் ஒரு பாம்புக்கு அது நல்ல நெடுஞ்சாலை. மறுபடியும் அதையே பார்க்க நேர்ந்தால் கம்பை எடுக்காமல் கைப்பேசியை எடுங்கள். பத்தடி தள்ளி நின்று, தலையைப் பக்கவாட்டில் பெரிதாக்கிப் படம் பிடித்து, உதட்டுக் கறுப்புக் கோடுகளை அப்பச்சியிடம் காட்டுங்கள். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்பதில் எனக்கும் மறுப்பில்லை என்று சொல்லிவிடுங்கள்.